கோமாரி இறக்கம்

வாப்பா,

இன்று காலை கல்முனை பஸ் நிலையத்தில் யாரோ கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். சூடான மணலும் கச்சானும் சேர்ந்த அந்த வாசம் வந்ததும் நான் நிற்கும் இடமே மறந்துபோனது. பொத்துவில் பஸ் நிலையத்து மதிலோரம் நிற்பதுபோல் இருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்று கச்சான் கோதை உடைத்து உடைத்து, பருப்பை என் கையில் போடுகிறீர்கள். நான் அழுகையை நிறுத்தப் பார்க்கிறேன்.

நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய், ஒரு நோன்பு வந்து போய்விட்டது. அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பிறகு கதைக்கவே இல்லை. நமக்குக் கதைக்கத் தெரியாது என்பதுதான் அந்த நாளின் கதையே. அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மருதமுனையில் நம் வளவும், உங்கள் தறியும், நூல் சுற்றும் இராட்டையும்தான் என் உலகம். எனக்கு இருந்த ஒரே கூட்டாளி நஸீரா. அவளுடைய வாப்பாவுக்குக் கோமாரியில் தென்னந்தோட்டம் பார்க்கும் வேலை கிடைத்து அவர்கள் குடும்பமாகப் போன பிறகு அதுவும் இல்லை.

அன்று மீன்காரர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுச் சொன்னார், "கோமாரித் தோட்டத்துப் புள்ள நாளைக்குக் காலம்பற கொழும்புக்குப் போறாவாம். அங்கிருந்து குவைத்துக்கு. உங்களக் கேட்டு அழுதவ." உம்மா சாச்சி வீட்டுக்குப் போயிருந்தா. நீங்கள் நூல் எடுக்கப் போயிருந்தீர்கள். நான் முட்டை விற்ற சில்லறையை முந்தானையில் முடிந்தேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மாமியிடம், "கோமாரிக்குப் போறன் எண்டு வாப்பாட்டச் சொல்லுங்க," என்றேன். "ஆரோட?" என்று அவ கேட்டது முதுகில் விழுந்தது. நான் நடந்துவிட்டேன். யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன் வாப்பா. அதுதான் நான் யோசிக்கவில்லை.

கல்முனையில் பொத்துவில் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கோமாரிக்கு டிக்கட் எடுத்தேன். சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அக்கரைப்பற்று தாண்டும் வரைக்கும் ஆட்கள் மேலே விழுந்து நின்றார்கள். ஒரு கிழவியின் கூடையிலிருந்த கோழி என் முக்காட்டைக் கொத்தியது. அதற்குப் பிறகு பஸ் காலியானது. திருக்கோவிலுக்கு அப்பால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல், பிறகு பற்றைக் காடு. ரோட்டுக்குக் குறுக்காக ஒரு மயில் அவசரமில்லாமல் நடந்து போனது. டிரைவர் பஸ்ஸை மெதுவாக்கி அதற்கு வழி விட்டார். இவ்வளவும் இங்கேயேதான் இருந்ததா என்று நினைத்தேன். காற்றில் முக்காடு பறந்தது. பிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அப்படியே தென்னந்தோப்பு வந்தது. கோமாரி. எழும்பிச் சத்தமாக "இறக்கம்" என்று சொன்னால் போதும், பஸ் நிற்கும். வேறு யாரும் இறங்கவில்லை. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தேன், விட்டேன். உம்மாவோடு போனால் உம்மா சொல்லுவா. தனியாக வந்தால் நான்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது. இப்போது சொல்லுவோம், அந்த மரத்தடியில் சொல்லுவோம் என்று இருக்க, தோப்பு முடிந்து காடு வந்துவிட்டது.

பொத்துவிலில் கண்டக்டர் என் டிக்கட்டைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்க, "கோமாரி டிக்கட்டோட பொத்துவிலுக்கு வந்திரிக்கா! ஏன் புள்ள, வாயை அடகு வெச்சிட்டியா?" என்றார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் போக பஸ் இல்லை, விடிந்தால்தான் என்றார்கள். விடிந்தால் நஸீரா போய்விடுவாள். நான் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.

அப்போதுதான் அடுத்த பஸ் வந்தது. அதிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். இடுப்பில் நூல் ஒட்டின சாரன், மேலே தறியில் இருக்கும்போது போடும் அதே சேட். என்னைக் கண்டதும் உங்களுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். உங்கள் முகத்தில் இருந்தது வெட்கம்.

"வாப்பா, நான் இஞ்ச எண்டு ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல மகள். நான் கோமாரிக்குத்தான் வந்த."

"அப்ப ஏன் இறங்கல்ல?"

நீங்கள் கடலிருக்கும் பக்கம் பார்த்தீர்கள். "நீ ஏன் இறங்கல்ல?"

 பிறகு உங்கள் தோள் குலுங்கியது. நீங்கள் சிரிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. "அல்லாஹ் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாயத்தான் தந்திரிக்கான் போல. அதையும் வீட்டில வெச்சிட்டு வந்திட்டம்," என்றீர்கள். அப்போதுதான் கச்சான் வாங்கித் தந்தீர்கள்.

கலியாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் சோறு முடிந்தால், இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு எழும்பி வருவீர்கள். உம்மா வீட்டில் பழஞ்சோறு பிசைந்து தரும்போது, "இந்த மனிசன் சுவர்க்கத்து வாசல்லயும் கதவத் தட்டாம நிண்டிருவாரு," என்பா. அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கூச்சம் எனக்கும் வந்திருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஓர் ஐஸ் லொறி கோமாரி வழியே கல்முனைப் பக்கம் மீன் கொண்டுபோக நின்றது. நீங்கள் அதனிடம் போனீர்கள், சுற்றிப் பார்த்தீர்கள், திரும்பி வந்தீர்கள். மறுபடியும் போய், டயரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்தீர்கள். "மெய்யாத்தான் அவவப் பாக்கணுமா மகள்?" என்று கேட்டீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குள் லொறி ஸ்டார்ட் ஆகி நகரத் தொடங்கியது.

நீங்கள் ஓடினீர்கள். சாரனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி, "நில்லுங்க தம்பி! கோமாரி! எங்கட புள்ள கோமாரிக்குப் போகணும்!" என்று கத்தினீர்கள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். உங்களுக்கு அப்படி ஒரு சத்தம் இருப்பது உம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

லொறி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, மூத்த அண்ணனிடம் கதைப்பதுபோல், "இவ்வளவு நேரமும் லொறியச் சுத்திச் சுத்தி வந்தது இதக் கேக்கத்தானா காக்கா? மீன் களவெடுக்க வந்த ஆளெண்டு பாத்துக்கிட்டிருந்தன். ஏறுங்க," என்றார். வழி முழுக்க அவரே கதைத்தார். ஐஸ் உருகி என் செருப்பு நனைந்தது. நமக்கு நிம்மதியாக இருந்தது.

பொழுது பட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நஸீரா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ தனியவா கா வந்த?" என்று நம் ஊர்க் கூட்டாளிமார் கூப்பிடும் 'கா'வோடு கேட்டாள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஒரு தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சொன்னீர்கள், "ஓம், அவ தனியத்தான் வந்த. நான் அடுத்த பஸ்ஸில வந்த."

வாப்பா, எத்தனையோ வாப்பாமார் மகளுக்கு நகை போடுகிறார்கள். எனக்கு நீங்கள் தந்தது அந்த ஒரு வசனம்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஊர் கதைத்தது, உம்மா ஏசினா. அப்போதும் நீங்கள் தறியில் இருந்தபடியே அதைத்தான் திரும்பச் சொன்னீர்கள்.

நஸீரா குவைத்திலிருந்து கோமாரிக்குத் திரும்பி வந்துவிட்டாள். நேற்றுத்தான் மீன்காரர் சொன்னார். இன்று காலை வெளிக்கிட்டேன். உம்மா, "தனியவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என் முக்காட்டைச் சரிசெய்து விட்டா. கச்சான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்கு முன் சீட்டில் பெரிய மீசை வைத்த ஓர் ஆள், மடியில் சுருட்டிய வலையோடு இருந்தார். தோப்புத் தெரிந்ததும் அவர் பாதி எழும்பினார், இருந்தார். தொண்டையைச் செருமினார், திரும்பவும் எழும்பி இருந்தார். எனக்கு அது நன்றாகத் தெரிந்த வியாதி. நான் எழும்பி நின்றேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தேன், இந்த முறை விடவில்லை. 

"கோமாரி இறக்கம்!"

கண்டக்டர் திடுக்கிட்டு மணியை அடித்தார். அந்தச் சத்தம் யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். மீசைக்காரர் எனக்குப் பின்னால் இறங்கி, முகத்தைப் பார்க்காமல், "நல்ல காலம் தங்கச்சி, நீங்க சொன்னீங்க," என்றுவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

வேலியோரம் நஸீரா நின்றாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அதே சிரிப்பு.

"இந்த முறையும் தனியவா கா வந்த?"

"ஓம் கா, தனியத்தான்," என்றேன். சொல்லிவிட்டு, அடுத்த பஸ் வரும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.