மச்சாளின் முழங்கால்

மச்சாள்,

உம்முடைய சப்பாத்து எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுக் கதவடியில் இன்னும் நாறிக்கொண்டு கிடக்கிறது. ஈர மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த வாடை. கணுக்கால்வரை ஏறுகிற, மலை நடைக்கென்றே செய்த சப்பாத்து. குப்பையில் போட எடுத்துப் போவேன், திருப்பிக் கொண்டுவந்து வைப்பேன். உம்மில் இருக்கிற கோபத்துக்கு, கடந்து போகும்போதெல்லாம் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைக் கொண்டுவந்து தந்தார். பெயர் ஜேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கென்ட், சரே பக்கத்துக் கிராமங்களில் நடக்கப் போகிற கூட்டமாம் அவர்களுடையது. அதில் நீரும் ஒரு ஆளாம், வருடக் கணக்காய். சப்பாத்து அவருடைய காரிலேயே கிடக்குமாம். வீட்டில் யாரும் காணக்கூடாது என்று நீர் கேட்டுக்கொண்டீராம். அந்தச் சனிக்கிழமைகளில் எங்களுக்கு நீர் சொன்னது, "கடையில ஓவர்டைம்."

ஒவ்வொரு ஆகஸ்டிலும் டார்பிஷயரில் ஒரு வீடு வாடகைக்கு எடுப்போமே. விடுமுறை என்று பெயர். ஈஸ்ட் ஹாமில் வாங்கிய ஆட்டிறைச்சி, ரைஸ் குக்கர், இடியப்ப உரல் எல்லாம் வான் வண்டியில் ஏறும். எங்கே நடக்கலாம், எந்தப் பண்ணையில் ஸ்ட்ராபெரி பிடுங்கலாம், பழைய நீராவி ரயில் எந்த ஊரில் ஓடுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் கையேடுகளை மேசையில் அழகாக அடுக்கி வைத்திருப்பார். என்ரை மனுசன், உம்முடைய அண்ணை, அவற்றின் மேல்தான் சுடச்சுடக் கறிச்சட்டியை வைப்பார். ஆண்கள் வெளியே இறைச்சி வாட்டிக்கொண்டு காட்ஸ் விளையாடுவார்கள். பிள்ளைகள் வைஃபை தேடுவார்கள். நீரும் நானும் பதினான்கு பேருக்குச் சமைப்போம்.

நாம் சமைக்கிற குசினி யன்னலுக்கு நேரே ஒரு மலை. வேலிப் படலையைத் தாண்டி ஒரு ஒற்றையடிப் பாதை அதன் உச்சிக்குப் போகும். ஒவ்வொரு வருடமும் நான் கேட்பேன், "ஒருக்கா ஏறிப் பாத்திட்டு வருவமே?"

வெங்காயம் வெட்டுகிற கை நிற்காமல் சொல்வீர்: "எனக்கு முழங்கால் ஏலாது மச்சாள். நீர் வேணுமெண்டால் போட்டு வாரும்."

நான் போகவில்லை. காலேலாத உம்மை அத்தனை சட்டிகளோடும் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? பின்னேரத்தில் எண்ணெய் காய்ச்சி உமக்குத் தேய்த்தும் விட்டேன். நீரும் காலை நீட்டிக்கொண்டு, "ஓம், இப்ப கொஞ்சம் சுகமாக் கிடக்கு" என்றீர்.

ஜேனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டேன், மச்சாளுக்கு முழங்கால் நோகாதா என்று. அவர் சிரித்தார். ஏற்றம் வந்தால் முன்னுக்குப் போவது நீர்தானாம். மேலே நின்று மற்றவர்களைக் கைகாட்டிக் கூப்பிடுவீராம். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: என்னையும் கூட்டி வரும்படி அவர்கள் பல தடவை கேட்டார்களாம், எனக்குச் சேறும் மழையும் ஆகாது என்று நீர் சொல்லிவிட்டீராம்.

எனக்கா? மச்சாள், எனக்கா ஆகாது?

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தீரே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும், "அண்ணை சாப்பிட்டவரோ?" என்றுதான் கேட்டீர்.

ஓவர்டைம் பொய்யை நான் பெரிதாக எடுக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த சனிக்கிழமையே வானும் கறிச்சட்டியும் உமக்குப் பின்னால் வந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் சொல்லாத சொல்லை என் வாயில் வைத்து, என்னை வாசலிலேயே மறித்தீரே. ஒரே அடுப்படியில் சேர்ந்து வெந்தவர்கள் நாம். என்னையும் அந்த வானில் வருகிற ஒருத்தியாகத்தான் எண்ணினீரா?

போன சனிக்கிழமை ஜேனோடு நான் போனேன். சரேயில் ஒரு குன்று. மூச்சு வாங்கியது, மழை பிடித்தது, சேற்றில் ஒரு தரம் வழுக்கி விழுந்தேன். உச்சியில் எல்லோரும் ஆளுக்கொரு கல்லில் குந்தியிருந்து அவரவர் சாண்ட்விச்சைச் சாப்பிட்டோம். ஒருவரும் என்னிடம் உப்புக் கேட்கவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு. பிடித்தபடியால் கோபம் இன்னும் கூடியது.

அன்று காலை புறப்படும்போது உம்முடைய அண்ணை கேட்டார், "எங்க வெளிக்கிட்டிட்டீர்?"

"மனோர் பார்க் கோயிலுக்கு. பூசை முடியப் பின்னேரமாகும்."

நாக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அவரும் தலையாட்டிவிட்டு டிவிப் பக்கம் திரும்பிவிட்டார். இவ்வளவு லேசான பொய். நாம் இரண்டு பேருமாய்ச் சேர்ந்தே சொல்லியிருக்கலாமே, மச்சாள்.