இச்சுப் பம்பாவில் போட்ட ஐந்து துளைகள்

மே 28

ஆசுந்தாவின் மேய்ச்சல் நிலத்தை இன்று வாங்கிவிட்டேன். இச்சுப் பம்பா முழுவதும், பதினொரு ஹெக்டேர், மேல்மூலையில் இருக்கும் ஊற்றோடு. ஹெக்டேருக்கு ஒன்பதாயிரம் சோல். வெறும் புல் விளைகிற நிலத்துக்கு இந்த மலையில் யாரும் நாலாயிரத்துக்கு மேல் தந்ததில்லை. நோட்டரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

பிக்கப் வண்டி விற்ற பணமும் இதில் போயிற்று. டீசல்காரரிடம் மூன்று மாதம் தவணை சொல்லியிருக்கிறேன்.

ஆபேலும் பஸ்ஸில் கூட வந்தார். இறங்கியதும், "இனிமே டீசல் பீப்பாயை என் முதுகுல ஏத்திடு எர்மெ. வண்டிதான் இல்ல, புருஷனாவது இருக்கேனே" என்றார். சிரிப்பதற்குச் சொன்னதல்ல.

மே 30

எதற்கு வாங்கினேன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது.

தங்கம் தேட வந்த கம்பெனியின் முகாமுக்கு இரண்டு வருடமாகச் சாப்பாடும் டீசலும் கொடுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. குதிரைமுதுகுக் குன்றில் முதலில் மண்ணைப் பை பையாக அள்ளினார்கள். பிறகு பாறையைச் சுத்தியலால் தட்டி எடுத்தார்கள். நீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். எங்கே மண்ணில் கொஞ்சம் பொன் தெரிந்ததோ அங்கே முளை அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். முளை அடித்த இடத்துக்குத் துளை போடும் யந்திரம் வந்தது. ஒரு துளையின் கல் லிமாவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பதில் வந்த பிறகுதான் அடுத்த துளை எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு சாய்த்து என்று இஞ்சினியர் முடிவு செய்வார். பதில் நன்றாக இருந்தால் யந்திரம் அந்தப் பக்கமே நகரும். மோசமென்றால் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். அதனால் இஞ்சினியரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். யந்திரம் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும்.

குன்றின் சரிவில் கல்லும் முள்ளுமாக நிலம் வைத்திருந்தவர்களுக்குப் போன வருடம் கம்பெனி ஹெக்டேருக்கு நாற்பதாயிரம் கொடுத்தது. நான் அவர்களுக்குக் கடலை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தேன். இனி அப்படி இருக்கக் கூடாது என்று அன்றே நினைத்தேன்.

இந்த மாதம் முளைகள் இச்சுப் பம்பாவில் இறங்கின. ஆசுந்தா பயந்து ஓடிவந்தாள். அவள் மகனுக்கு நான் ஞானத்தாய். அந்த ஞானஸ்நானத்திலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் கொமாத்ரே.

"துளை போட்டுப் பாக்குறோம்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க கொமாத்ரே. நாளைக்கு நிலத்தையே கேப்பாங்க. ஒத்தைப் பொம்பள, நான் எப்படிச் சமாளிப்பேன்?"

"எனக்கு வித்துடு. எங்கிட்ட வந்து பேசட்டும்."

"உன் கையில இருந்தா தொட மாட்டாங்க" என்று அவளே சொன்னாள். "மாடு எப்பவும்போல மேயட்டும். ஊத்துத் தண்ணி மட்டும் எனக்கு வேணும்."

"எல்லாம் அப்படியே இருக்கும்."

கம்பெனி நாற்பதாயிரம் தந்தால் அவளுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு என்று நினைக்கவில்லை.

ஜூன் 3

யந்திரம் பம்பாவுக்கு இறங்கியது. கடை வாசலில் நின்று லாரியின் பின்பக்கம் மறையும்வரை பார்த்தேன்.

ஜூன் 6

மதியச் சாப்பாட்டை நானே கொண்டுபோனேன். வேகவைத்த சோளமும் ஆட்டுச் சூப்பும். வண்டி இல்லாததால் வாடகைக் கழுதை.

இது வேறு யந்திரம். குன்றில் இருப்பது உருளை உருளையாகக் கல்லை வெட்டி எடுக்கும். இது காற்றை அடித்துப் பொடியாக வெளியே துப்புகிறது, பையில் பிடிக்கிறார்கள். வேகமான வேலை. குன்றில் துளையைச் சாய்த்துத்தான் போடுவார்கள். இங்கே நேராகக் கீழே. தங்கம் போர்வை மாதிரிப் படுத்திருக்கிறது போலும்! அங்கே முளைகள் பக்கத்தில் பக்கத்தில்; இங்கே ஒரு முளையிலிருந்து அடுத்ததைக் கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு பெரியது என்றால்தானே அவ்வளவு தள்ளிப் போடுவார்கள்?

ஒன்று மட்டும் உறுத்தியது. எஃப்ராயின் என்ற யந்திரக்காரன், குன்றில் ஒவ்வொரு புது இடத்திலும் முதல் கம்பி இறங்கும் முன் மண்ணுக்குப் படைப்பான் — கோக்கா இலை, கரும்புச் சாராயம், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கல்லிடுக்கில் செருகுவான். இங்கே ஒன்றும் இல்லை.

"என்னப்பா, பம்பா மண்ணு மட்டும் பட்டினியா? இலை தீந்துபோச்சுன்னா கடையிலேர்ந்து அனுப்பறேன்."

"கேக்குறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே அக்கா குடுக்கணும்!" என்று சூப்பை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

சோம்பேறி. சாராயத்தை அவனே குடித்திருப்பான்.

ஜூன் 11

ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதென்று ஆசுந்தா வந்தாள். "பாலு மாதிரி இருக்கு கொமாத்ரே. மாடு மோந்துட்டுத் திரும்பிடுது." யந்திரம் போனால் தெளிந்துவிடும் என்றேன்.

அவளோடு மேலே போய்ப் பார்த்தேன். இரண்டாவது முளையின் அடியில் கோக்கா இலைகள், ஒழுங்காக அடுக்கி, மேலே ஒரு கல்.

"எஃப்ராயினா வச்சான்?"

"நான்தான். கீழ எதுவும் கெடைக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்."

அவள் கல்லைச் சரிசெய்தாள். நான் ஊற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். நான் என்ன கேட்டேன் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூன் 19

பதில் இல்லை. டீசல்காரர் மறுபடி போன் செய்தார்.

ஜூன் 24

ஐந்து துளையோடு யந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லிமாவிலிருந்து பதில் வருவதற்கு முன்பே! இப்படி ஒருநாளும் செய்ததில்லை. பதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாமா? அடுத்த முளை எங்கே?

இஞ்சினியரைக் கேட்கலாமா — வேண்டாம். கேட்டால் தெரிந்துவிடும்.

ஜூலை 8

இஞ்சினியர் ரோல்தான் டார்ச்சுக்கு பேட்டரி வாங்க வந்தார். நானாக வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்: "பம்பா ரிசல்ட் வந்துடுச்சு தோன்யா எர்மெலிந்தா. ரொம்ப நல்ல செய்தி."

காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

"அஞ்சு துளையும் சுத்தம். பொட்டுத் தங்கம் இல்ல."

"அது எப்படிங்க நல்ல செய்தி?"

சாமான் கட்டும் தாளை இழுத்துப் பேனாவால் வரைந்தார். குன்று, அதன் மேல் நெருக்கமாகச் சாய்ந்த கோடுகள். "இங்க தேடுறோம். தங்கம் இருக்குற கல்லு பட்டை மாதிரி சாஞ்சு கிடக்கு. அதைக் குறுக்கால வெட்டித் துளைச்சாத்தான் எவ்வளவு தடிமன்னு தெரியும், அதான் நாங்களும் சாய்க்கிறோம்." பிறகு பம்பா. ஐந்தே புள்ளிகள், அவற்றைச் சுற்றி முட்டை மாதிரி ஒரு வட்டம். "குன்றை வெட்டினா தங்கக் கல்லைவிட வெத்துக் கல்லுதான் அதிகம் வரும். அதை எங்கயாவது கொட்டணும். கொட்டுற எடத்துக்கு அடியில எதுவும் இல்லன்னு முதல்ல உறுதி பண்ணிக்கணும். மலை மாதிரிக் குவிச்ச பிறகு, அடியில தங்கம்னு தெரிஞ்சா மறுபடி அள்ளவா முடியும்? பம்பாவுல நாங்க தேடவே இல்ல தோன்யா. இல்லன்னு எழுதிக் குடுக்கத்தான் போனோம்."

காப்பியைக் குடித்துவிட்டு, "அந்த ஆசுந்தாம்மாகிட்ட நிலம் கேக்கணும். நீங்க வேண்டப்பட்டவங்களாச்சே, ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்" என்றார்.

"நிலம் என்னோடது."

அவர் கோப்பையை வைத்தார். "எப்பலேர்ந்து?"

"மே மாசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. முகாம் காவல்காரனுக்குக்கூடத் தெரியுமே."

கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொருளைப் பற்றி விசாரித்தால் அது எனக்கு வேண்டும் என்று எதிராளிக்குத் தெரியும். தெரிந்தால் விலை ஏறும். சந்தையில் தரையில் சாக்கை விரித்துப் பாலாடைக்கட்டி விற்ற நாளிலிருந்து அப்படித்தான் வியாபாரம் செய்திருக்கிறேன். இந்தக் கடையைக் கட்டியதே வாயை மூடிக்கொண்டு இருந்துதான்.

எஃப்ராயின் நேராகச் சொன்னானே, கேட்பதற்கு ஒன்றும் இல்லையென்று. அவனைச் சோம்பேறி என்று எழுதினேன்.

ஜூலை 9

ஆசுந்தா புதுப் பாலாடைக்கட்டியோடு வந்தாள். காவல்காரன் சொல்லியிருக்கிறான்.

"ஒண்ணும் இல்லையாமே! மண்ணு என் இலையை ஏத்துக்கிச்சு கொமாத்ரே. இனி மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுவாங்க." என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, புல்லுக்கு அவ்வளவு காசு குடுத்துட்டோமேன்னா? எனக்காகத்தானே குடுத்த. எனக்குத் தெரியாதா?"

பாலாடைக்கட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

ஜூலை 13

சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்வதற்குள் சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவே இல்லை.

"தங்கம் இருந்திருந்தா?"

"வெட்டியிருப்பாங்க."

"இல்லாததால?"

"மேல கொட்டுவாங்க."

"ஊத்து?"

கையில் இருந்த துணியை மடித்தேன்.

"அப்போ நான் என்னத்தைத்தான் கேட்டிருக்கணும்?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பிறகு, நிலத்தைத் தனக்கே திருப்பித் தரச் சொன்னாள். கம்பெனிக்குத் தான் கையெழுத்துப் போட மாட்டாளாம், என்ன ஆனாலும் சரியாம். பணம் எங்கே என்றேன். மகனிடம் போய்விட்டது. என் ஞானமகன் ட்ருஹியோ நகரத்தில் மனை வாங்கி அஸ்திவாரம் போட்டிருக்கிறான்.

"வருஷத்துக்கு ரெண்டு மாடு தரேன். சாகுற வரைக்கும் தரேன்."

எத்தனை மாடு, எத்தனை வருடம் — கணக்கு என் தலைக்குள் தானாக ஓடியது. நிறுத்தத்தான் பார்த்தேன். டீசல்காரர் மாட்டை வாங்கிக்கொள்ள மாட்டார்.

"முடியாது ஆசுந்தா."

அவள் எழுந்து போர்வையைப் போட்டுக்கொண்டாள். "சரிங்க தோன்யா எர்மெலிந்தா" என்றாள். வெளியாட்கள் மரியாதைக்குக் கூப்பிடும் அந்தப் பெயரை இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஜூலை 17

முகாமுக்குப் போனேன். ஹெக்டேருக்குப் பதினாலாயிரத்தில் ஆரம்பித்தேன். நிலம் வாங்கும் அதிகாரி மரியாதையான ஆள், குரலை உயர்த்தவில்லை. "வேண்டாம்னா விட்டுடுங்க சென்யோரா. மறுபக்கப் பள்ளத்துல இன்னும் அஞ்சு துளை போட்டுப் பாத்துக்குவோம்."

என் கையில் என்ன இருக்கிறது? புல்.

திரும்பி வந்து ஆபேலிடம் சொன்னேன். இந்த முறை கேலி செய்யவில்லை. உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே, "அவளுக்குத் தண்ணியையாவது வாங்கிக் குடு" என்றார்.

ஜூலை 22

கையெழுத்தாயிற்று. ஆசுந்தாவின் கதவைப் போய்த் தட்டினேன். உள்ளே அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது, திறக்கவில்லை. அதனால் அவளிடம் சொல்ல இருந்ததை இங்கே எழுதுகிறேன்.

பதினொரு ஹெக்டேரும் கம்பெனிக்கு. ஹெக்டேருக்கு ஆறாயிரத்து இருநூறு சோல். பாதி இன்று, பாதி அரசாங்க அனுமதி வந்த பிறகு. ஊற்று நிலத்தோடு சேர்ந்தது. மாடுகள் ஆகஸ்டு முடிவதற்குள் இறங்கிவிட வேண்டும். கீழே இருக்கும் அவள் வீட்டுக்கு, சுரங்கம் நடக்கும்வரை, வாரம் ஒரு தொட்டித் தண்ணீர் லாரியில் வரும். அதற்காக ஹெக்டேருக்கு முந்நூறு குறைத்துக்கொண்டார்கள்.