பருத்திக்குப் போன வயல்

18 ஆகஸ்ட் 1964
வவுனியாவிலிருந்து வந்த காணி அதிகாரி எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: குளத்துக்குக் கீழுள்ள வயல் முழுவதையும் அரசாங்கம் எடுக்கிறது. பருத்திப் பண்ணை வரப்போகிறதாம். நாட்டின் முன்னேற்றமாம். கூப்பனுக்கு அளந்து தருகிற அரிசிக்கு ஓமந்தைச் சங்கக் கடையில் வரிசை நிற்கிறது. இங்கே நெல் விளைகிற மண்ணில் பருத்தி! ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெறுங்காடு கிடக்கிறதே என்று பக்கத்து வயல் இராசேஸ்வரி கேட்டா. காடு வெட்டச் செலவு கூடவாம். என் வாப்பா காடு வெட்டினபோது செலவை யார் பார்த்தது?

27 ஆகஸ்ட்
காணி விசாரணை. வயல் என் பெயரில், வாப்பா தந்த சீதனம். அதிகாரி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "புருசன் எங்கை?" என்றார். என் புருசன், இவர், முன்னுக்குப் போய், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.
எங்களுக்கா? யாரைக் கேட்டுச் சொன்னவர்?

3 செப்டெம்பர்
இப்போது விளங்குகிறது. பண்ணையில் இவருக்குக் காவலாளி வேலை. இனி மழையை நம்பியிருக்கத் தேவையில்லையாம். சோறு போட்டேன். நான் வயலுக்குப் போய்விட்டேன்.

11 அக்டோபர்
நல்ல மழை. பண்ணைக்காரர் வேலிக்குக் கட்டை நட்டதோடு சரி, பிறகு ஒருவரையும் காணோம். இராசேஸ்வரியின் மாடுகளைப் பூட்டி இரண்டு பேரின் வயலையும் உழுது விதைத்தோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள்.

2 நவம்பர்
இவர் காக்கிச் சட்டையோடு வரம்பில் வந்து நின்றார்.
"சபூறா, வெளியில வா. மேலிடத்து ஓடர்."
"பசிச்சால் மேலிடம் பருத்தியை அவிச்சுத் தின்னுமோ?"
வெயிலில் நின்றார், நின்றார். அந்த மனிசனைப் பார்க்கவும் எரிச்சல் — பார்க்காமல் இருக்கவும் ஏலாது.

21 டிசம்பர்
பண்ணைக்காரர் திரும்பி வந்து கம்பி வேலி அடித்து, வாசல் படலைக்குப் பூட்டும் போட்டாயிற்று. உள்ளே என் நெல்.

9 பெப்ரவரி 1965
அரிவாளோடு போனோம். கம்பியை வெட்டத்தான் நினைத்திருந்தேன். இவர் முந்திப் போய்ப் படலையைத் திறந்து வைத்திருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு எங்களோடு அறுத்தார். பின்னேரம் பொலிஸ் வந்து நெல்லை ஏற்றிப் போனது. விதைத்தவளுக்கு ஒரு பிடி இல்லை! எங்கள் எல்லார் மேலும் வழக்கு. வேலையிலிருந்தும் இவரை நிற்பாட்டியாயிற்று.

26 பெப்ரவரி
வவுனியாக் கோட்டில் வழக்கு. நீதவான் எச்சரித்து எங்களை விடுவித்தார். வயல் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார். அதற்கு முன் பெயரும் தொழிலும் கேட்டார்கள். என் முறை வந்தபோது கிளாக்கர் என்னைக் கேட்காமலே தொழில் இல்லை என்று எழுதப் போனார்.
"இல்லை ஐயா, அவ கமக்காரி. வயல் அவவின்ரை, விதைச்சதும் அவ" என்றார் இவர்.
"அப்ப நீர்?"
"அவவின்ரை வயலிலை வேலை செய்யிறனான்."