கட்டையிலிருந்து இறங்கியவன்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து, குழந்தை உண்டாவதற்கான ஊசியை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டேன். சிகிச்சையில் இது நான்காவது சுற்று. வலிகூடத் தெரியவில்லை.

பாலாநகர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வந்த இவர், சாப்பிட்டபடி டிவியில் பனிச்சறுக்குத் தாண்டல் பார்த்தார். நான்கு மலைகளின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. மூன்றிலும் முன்னால் இருந்தவன் கடைசி மலையின் உச்சியில், சறுக்கத் தொடங்கும் கட்டையில் உட்கார்ந்திருந்தான். காற்று அடங்கவில்லை. எழுந்து படியில் இறங்கிப் போய்விட்டான்.

"எதுக்கு இறங்குறான்? இன்னும் ஒண்ணுதானே பாக்கி?"

"காத்து சரியில்லைங்க."

"அதுக்காக? இவ்ளோ தூரம் வந்துட்டு யாராவது விடுவாங்களா?" என்று சிரித்தவர், என்னைப் பார்த்ததும் ரசம் கேட்டார்.

இறங்கியவன் அழவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

நாளைக் காலை ஊசி போட்டுக்கொள்ளப் போவதில்லை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.