பூஞ்சை உடம்பு

பம்பாய்,
12.8.1981

அன்புள்ள அம்மாவுக்கு சின்னதுரை வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான் தேறிவிட்டேன், பயப்படாதே. காய்ச்சலுக்கு வெகுநாள் மாத்திரை சாப்பிட்டதில் வயிறு கெட்டு, நாக்கில் வெள்ளை படர்ந்தது. இங்குள்ள தமிழ் டாக்டர் பார்த்துவிட்டு, "வயித்துல பூஞ்சைப்பா" என்றார்.

"எங்கம்மாவும் அதான் சொல்லிகினு இருப்பாங்க சார், பூஞ்சை உடம்புன்னு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நீ சொல்வது நோஞ்சான் உடம்பாம், இது வேறாம். தறியில் பாவு நூலுக்குப் போடும் நம் கஞ்சி பழசானால் படருமே, அந்தப் பூசணத்தின் இனமாம். பலர் வயிற்றிலும் கொஞ்சம் இருக்குமாம். அதை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் மாத்திரை கொன்றுவிட்டதாம். புது மருந்தில் அடங்கிவிட்டது.

பலராமன் மாமா இங்கே விற்கச் சேலை கொண்டு வரும்போது சுக்குப்பொடி கொடுத்தனுப்பு. எதிரே தபால்காரர் தபால் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். பதிலில் நன்றாகத் திட்டு. இங்கே என்னைப் பூஞ்சை உடம்பு என்று சொல்ல ஆளில்லை.

சின்னதுரை