வாயே திறக்காத சம்மந்தி

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டேன். கொட்டாவி போய்விட்டது, வாய் மூடவில்லை. வலது காதுக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். எதிரே நின்ற பொம்பளை பயந்துபோய் அளவு ஜாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டாள். அரை நிமிஷம் கழித்துத் தானாக மூடியது. இப்போது ரெண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மாட்டேன் என்கிறது. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துச் சொருகினேன்.

இவங்களிடம், அதான் வீட்டுக்காரரிடம், சொன்னேன். பேப்பரை இறக்காமலே, “அல்லாஹ் ஒருவழியா என் துஆவைக் கேட்டுட்டான்” என்றார்கள். இருபத்தாறு வருஷக் குடித்தனம். தொழுதுவிட்டு அவ்வளவு நேரம் கை ஏந்தியது இதற்குத்தானா?

ஏப்ரல் 12, சனி

பல் டாக்டர் கிறிஸ்டி. என் மகள் ஃபாயிஸாவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். “அக்கா, முன்பல்லுல ரம்பம் வச்சு அறுத்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கே. என்ன வேலை பாக்கீங்க?”

“தையல்.”

“நூலைப் பல்லால கடிக்கீங்களா?”

பின்னே? இருபது வருஷமாகக் கடிக்கிறேன். கத்தரிக்கோலைத் தேட வேண்டும். பல் எப்போதும் கூடவே இருக்கிறது. குண்டூசி வைக்கிற டப்பாவும் இதே வாய்தான்.

பல்வரிசை கோணிப்போய், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாக உட்காராமல், தாடை மூட்டு கஷ்டப்படுகிறதாம். முதலில் ராத்திரிக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அடுத்த மாதம் கம்பி, ஒன்றரை வருஷம். சும்மா விட்டால் ஒருநாள் வாய் பூட்டிக்கொள்ளும், பிறகு ஆபரேஷன்வரை போனாலும் போகும் என்றாள். “அகலமா வாயைத் திறக்காதீங்க. பேச்சைக் குறைங்க.”

கம்பிகூடச் சரி. பேச்சைக் குறைக்கணுமாம்ல!

மே 14, புதன்

கம்பி மாட்டியாச்சு. நாற்பத்தேழு வயசு. கண்ணாடியில் பார்த்தேன். நகைக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிய மாதிரி இருக்கிறது.

இவங்க அக்கா ஹைருன் மைனி வேடிக்கை பார்க்க வந்தாள். “ஏட்டி ஜைனப், மகளுக்கு மாப்பிள்ளை பாக்குத நேரத்துல உனக்கு என்னட்டி அலங்காரம்?”

“வலிக்கு மைனி.”

“எனக்கும்தான் முட்டு வலிக்கு. நான் என்ன கொலுசு மாட்டிட்டா திரியுதேன்?”

மே 15

கஞ்சி.

மே 16

கஞ்சி. இவங்க புளியறைப் பக்கம் போய்விட்டுப் பரோட்டாவும் கோழியும் பொட்டலம் வாங்கி வந்தார்கள். ஃபாயிஸா என் கண்முன்னாலேயே விரலை நக்கி நக்கித் தின்கிறாள். பத்து மாதம் சுமந்தேன்.

மே 20, செவ்வாய்

பழக்கதோஷம். கொக்கி வைத்து முடித்துவிட்டு நூலைக் கடித்தேன். கம்பியைப் பிடிக்கிற பொட்டு ஒன்று பெயர்ந்து, சுரண்டைக்காரி ஜாக்கெட்டுக்குள் விழுந்துவிட்டது. கல்லு வேலைக்கு நடுவே எது கல்லு, எது என் பல்லுப் பொட்டு? அரைமணி நேரம் தேடினேன். கிறிஸ்டி ஒட்டிவிட்டு, சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை நாடாவில் கட்டி என் கழுத்தில் மாட்டி அனுப்பினாள், பால்வாடிப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி.

மே 25, ஞாயிறு

புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை முஃபீத், ஷார்ஜாவில் வேலை. அவன் உம்மா சமீனாதான் எல்லாம். ஃபாயிஸா இதுவரை மூணு இடத்தை வேண்டாமென்றவள். இவன் போட்டோவைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தலை சீவினாள். அதனால்தான் எனக்குப் பதற்றம்.

மைனி காலையிலேயே உத்தரவு: “கம்பியைக் கழத்தி வச்சிட்டு வா. அவங்க போனதும் மாட்டிக்கோ.” கம்மலா மைனி? முடியாது என்றதும், “அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. இந்த வயசுல கம்பி மாட்டியிருக்கான்னு தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?”

ரெண்டு மணி நேரம் இருந்தேன். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல், உதட்டைப் பூட்டியபடி ஒரு சிரிப்பு. சமீனா மெதுவாக மைனியிடம் கேட்டாள்: “இவங்க பேசவே மாட்டாங்களோ?”

ஐந்து வேளையும் தொழுகிற மைனி கூசாமல் சொன்னாள்: “எங்க தம்பி பொண்டாட்டி சத்தம் அடுப்படியைத் தாண்டாது.”

இவங்களுக்குப் புரையேறிவிட்டது.

மே 27, செவ்வாய்

சம்மதமாம். காரணமே என் மூடின வாய்தானாம். முஃபீதுக்கு முன்பு பேசிய இடம் முறிந்ததே அந்தப் பெண்ணோட உம்மா வாயால்தான். சமீனா வீட்டு விஷயத்தையெல்லாம் நிச்சயத்துக்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிட்டாளாம். “வாயில்லா சம்மந்திதான் வேணும்னு இருந்தேன், கெடைச்சுட்டு” என்றாளாம்.

ஃபாயிஸா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “உம்மா, கல்யாணம் முடியுத வரைக்கும்…” என் உதட்டில் விரலை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை இதுவரை என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. சரியென்று தலையாட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

நிச்சயம். பேச்சு முடிந்ததும் சம்மந்திக்குச் சம்மந்தி வாயில் சீனி போடுவது வழக்கம். சமீனா ஒரு கை நிறைய அள்ளிவிட்டாள். வாய் திறந்தது, கம்பி தெரிந்தது, மைனி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பல்லுக்கா? கெடக்கட்டும். நாக்கு அடக்கமா இருக்குல்லா, அது போதும்” என்றாள் சமீனா.

சீனி கம்பிக்குள்ளே மாட்டி அந்தி மக்ரிப் தொழுகை வரை இனித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 23, திங்கள்

தினமும் பதினோரு மணிக்கு சமீனா போன். அவள் பேசுவாள், நான் “ம்”. கொழுந்தியா பாகப்பிரிவினையில் செய்த வேலை, கொழுந்தன் மகன் சென்னையில் யாரையோ பார்த்துவைத்திருப்பது, எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டு ரெண்டாம் குடித்தனம். யா அல்லாஹ், எப்பேர்ப்பட்ட சரக்கு! ஒன்றைக்கூட ஒருத்தியிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் யார் வழியாகப் போச்சு என்று தெரிந்துவிடும். ராத்திரி நெஞ்சு அடைக்கிறது. வாயுவா, கதையா?

ஜூலை 2, புதன்

வாய் மூணு விரல் திறக்கிறது! டக் சத்தமும் இல்லை. கிறிஸ்டிக்கு ஆச்சரியம். “என்னக்கா பண்ணினீங்க?”

“மகளைக் கட்டிக்கொடுக்கேன்.”

ஜூலை 16, புதன்

தலை ஈரம்கூடக் காயல, எழுத உக்காந்துட்டேன்.

சீசன் நல்லா இருக்குன்னு சமீனா வந்தா. ரெண்டு பேரும் ஐந்தருவிக்குப் போனோம். பொம்பளைங்க பக்கம் நல்ல கூட்டம். தலைமேல தண்ணி மொத்து மொத்துன்னு மொத்துது. பக்கத்துல நிக்கவ சத்தமே கேக்கல. கேக்கலைன்னதும் எனக்கு என்ன ஆச்சோ, வாயைத் திறந்துட்டேன். “சம்மந்தி, நான் சரியான வாயாடி! மைனி சொன்னதெல்லாம் பச்சைப் பொய்!”னு கத்தினேன். தண்ணிதான் பதில் சொல்லிச்சு. விட்டேனா? ரெண்டு மாசத்துக் கதை! மைனி கதை, இவங்க கதை, கடைசியா ஒரு கல்யாணத்துக்கு நான் மருமக ஜாக்கெட்டை மாமியாவுக்கும் மாமியா ஜாக்கெட்டை மருமகளுக்கும் மாத்திக் கொடுத்த கதை. மாமியா மேடையில ஆசீர்வாதம் பண்ணக் கையைத் தூக்குத இடத்துக்கு வந்திருப்பேன், போலீஸ்காரம்மா விசிலை ஊதி எல்லாரையும் வெளிய தள்ளிட்டா.

ஈரப் படியில் உட்கார்ந்தோம். சமீனா முடியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஃபாயிஸா முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. போச்சு. எல்லாம் போச்சு.

“கையைத் தூக்கினா,” என்றாள். “தூக்கினதும் என்ன ஆச்சு?”

“உங்களுக்குக் கேட்டுச்சா?” என்றேன்.

“காதுக்குள்ள வந்து கத்திட்டு, கேக்காதுன்னு நெனச்சீங்களா? முன்ன பேசின இடத்து அந்தம்மா எங்க வீட்டுக் கதைய வெளிய விட்டா. நான் ஒரு மாசத்துக்கு மேல சொன்னதுல நீங்க ஒண்ணையாவது விட்டீங்களா? விட்டிருந்தா புளியங்குடிக்கு அன்னிக்கே வந்திருக்கும். செவுத்துக்கிட்டப் பேசிப் பேசி எனக்குமே சலிச்சுப்போச்சு சம்மந்தி. சொல்லுங்க, கையைத் தூக்கினா?”

சொன்னேன். “அக்குள்ல ரெண்டு பக்கத் தையலும் பிரிஞ்சுபோச்சு. அப்புறம் வந்தவங்க எல்லாருக்கும் முழங்கையை விலாவோட ஒட்டிக்கிட்டே ஆசீர்வாதம்!” படியிலிருந்து சரிந்து விழாமல் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கல்யாணத் தேதி பேச சமீனா பத்து மணி பஸ்ஸுக்கு வந்தாள். நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள். போன பிறகுதான் தேதி பேசவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஃபாயிஸா தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

தாடை விண் விண்ணென்று தெறிக்கிறது. கிறிஸ்டியிடம் சொல்லப்போவதில்லை.