மார்கழியில் காலி செய்ய வைத்தேன், மச்சான்

மச்சான்,

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு ஒரு பாட்டிலைத் திறந்தார். பச்சைத் தைலம். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் மாடி அறைக்குள் போய்விட்டேன். கடைசிக் காலம் முழுக்க அந்த வாடையோடுதானே நீ கிடந்தாய்.

"வாடை தொந்தரவா இருக்குதா தம்பி?" என்றார் பெரியவர்.

"தேய்ங்க, தேய்ங்க" என்றேன். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை அப்புறம்தான் வரும். முதலில் இரண்டு பேர் முகம் வரும். ஒருவன் உன் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த செல்போன் கடைக்காரன். இன்னொருவர் பக்கத்து வீட்டு சர்வேயர். அவர்கள் இரண்டு பேரையும் நான் என்ன செய்தேன் என்பது தெரியாமலே நீ போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வீடு வாடகைக்கு விடுகிற விஷயத்தில் கடலூர் ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எட்டாங்கிளாஸோடு நின்றவன்தான். ஆனால் முதுநகரில் என்னுடைய மூன்று போர்ஷனிலும் இருப்பவர்கள், நான் வாசலில் செருமினாலே ஓடிப்போய்க் குழாயை மூடுவார்கள். பெரிய பெரிய வக்கீல்கள் எல்லாம் என்னிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் கோர்ட்டுப் படி ஏறுவார்கள். நாள்பூரா மோட்டாரை ஓடவிட்ட ஒரு வாத்தியாரை, ஒரு வார்த்தை பேசாமல், மீசையை முறுக்கியே காலி செய்ய வைத்தவன் நான். இதைச் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். "மச்சான், அவரு டிரான்ஸ்பர்ல போனாரு" என்பாய். டிரான்ஸ்பர் எப்படி வந்தது என்று நீ யோசித்துப் பார்த்ததே இல்லை.

நீ எனக்கு நேர் எதிர். சர்க்கரை ஆலையிலிருந்து ரிட்டையர் ஆகி வந்து, சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதிக்கு அடுத்த சந்தில் இருந்த வீட்டுக்கு மேலே மாடி எடுத்தாய். நீயும் என் தங்கச்சி வசந்தாவும் மேலே, கீழே வாடகைக்கு என்று திட்டம். மாடிப்படிக்குக் கம்பி கட்டிய அன்றைக்கு சர்வேயர் டேப்போடு வந்து நின்றார். வேலையை விட்டும் டேப்பை விடாத மனுஷர்.

"படி எங்க பக்கம் அரை அடி ஜாஸ்தி வருது. உள்ள தள்ளிக்குங்க" என்றார்.

அந்த அரை அடி நம்முடையது. சந்தில் எல்லோருக்கும் தெரியும். நான் கடலூரிலிருந்து பறந்து வந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "போவட்டும் மச்சான். தெனம் அவுரு மூஞ்சிலதான் முழிக்கணும்." நீ விட்டுக்கொடுத்த அரை அடியில் உன் படி ஏணியாகிப் போனது. ஒரு ஆள் ஏறினால் எதிரே பூனைகூட இறங்க முடியாது.

அப்புறம் உனக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை மாடிக்கு ஏற்றிய அன்றைக்கு, படி திரும்புகிற இடத்தில் எல்லோருமாகச் சேர்ந்து விழுந்திருப்போம். நான் ஒருவனாகத் தாங்கிப் பிடித்தேன். மற்றவர்கள் சும்மா கை வைத்திருந்தார்கள். இனிமேல் தூக்கி இறக்குகிற விளையாட்டு வேண்டாம், கீழ்வீட்டுக்கு மாறிவிடுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

நீ செல்போன் கடைக்காரனைக் கூப்பிட்டுக் கும்பிடாத குறையாகக் கேட்டாய். "நிச்சயமாண்ணே. ஆடி போவட்டும், ஆடில யாருண்ணே வீடு மாத்துவாங்க?" என்றான். ஆடி போனது. கொழுந்தியாவுக்குக் கல்யாணம், இந்த அட்ரஸைத்தான் பத்திரிகையில் போட்டிருக்கிறது என்றான். அந்தக் கொழுந்தியாவை இன்றுவரை நான் பார்த்ததில்லை. புரட்டாசியில் ஜோசியர் வேண்டாம் என்றாராம். ஐப்பசியில் மழையாம், சாமான் நனையுமாம். ஒவ்வொரு தடவையும் என்னிடம் அவனுக்காகப் பேசியது நீதான். "அவனும் புள்ளகுட்டிக்காரன் மச்சான், தொரத்தாத."

அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை நான் கண்டுபிடித்தேன். முக்கு டீக்கடையில் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சர்வேயர் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நீ அசையாத. கேசு போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். அலுத்துப்போய் வித்துடுவாங்க. நான் வாங்கிக்கறேன், நீ பாட்டுக்கு அங்கயே இரு." நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டு நேரே உன்னிடம் வந்து சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாய். அப்புறம் சொன்னாய்: "ஒரே ஒரு நாளு கீழ எறங்கி, கேட்டாண்ட ஒக்காந்து தெருவப் பாக்கணும் மச்சான். மார்கழித் தேருக்காச்சும்."

"தேருக்கு நீ கீழ இருப்ப. இந்த மீசை மேல சத்தியம்" என்றேன்.

தேருக்கு முன்னாலேயே நீ போய்விட்டாய்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். பாடையை மேலே கொண்டுவர அந்தப் படியில் வழி இல்லை. உன்னைப் போர்வையில் தொட்டிலாகக் கட்டி இறக்கினோம். சுவரில் இடித்துவிடக் கூடாதே என்று என் முழங்கையைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். கீழே கூடத்தில் உன்னைக் கிடத்தலாம் என்று பார்த்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. செய்தி தெரிந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கும், தன் அப்பாவை சர்வேயர் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். உன் சொந்த வீட்டு வாசலில், சந்தில் சாமியானா கட்டி உன்னைக் கிடத்தினோம் மச்சான். சர்வேயர் ஒரு மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வசந்தாவிடம் மெல்லக் கேட்டார்: "இனிமே ஒண்டியா இந்த வீட்ட வச்சிகினு என்னாம்மா பண்ணப்போற?"

அந்த இடத்திலேயே அவரைச் சுருட்டி எறிந்திருப்பேன். உன் தலைமாட்டில் சண்டை வேண்டாமென்றுதான் அவருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தேன்.

பால் தெளித்த மறுநாள் கடலூரில் எனக்குத் தெரிந்த ஜோசியரிடம் போனேன். சில நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள், உனக்குத் தெரியும். உயிர் பிரிந்த அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும், போனவர் அங்கேயே சுற்றுவார் என்பார்கள். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "அவிட்டம். ஆறு மாசம் அடைப்பு" என்றார். நிஜமாகவே அவிட்டம்தானா என்று கேட்காதே. நான் கேட்ட விதம் அப்படி, அவர் சொன்ன விதம் அப்படி. நல்ல மனுஷர்.

திரும்பி வந்ததும் மாடியைப் பூட்டினேன். வசந்தாவைப் பாய், அடுப்பு, உன் போட்டோ, விளக்கு எல்லாவற்றோடும் கீழே இறக்கிக்கொண்டுபோய் அவன் கூடத்தில் உட்கார வைத்தேன்.

"என்னாண்ணே இது?" என்று எழுந்தான் அவன்.

"அடைப்புப்பா. மாடிய ஆறு மாசத்துக்குப் பூட்டியாச்சி. நாளு கெழம பாக்குற ஆளு நீ, உனக்கு நான் சொல்லணுமா? தங்கச்சி இனிமே இங்கதான் படுப்பா. உள்ரூமு உங்களுக்கு. அடுப்படி பொதுவுல இருக்கட்டும்."

"அதெப்படிண்ணே? மார்கழில நான் எங்க வீடு தேடுவேன்? பால் காய்ச்ச முடியாதே."

"உன்ன யாருப்பா போவச் சொன்னா? நீ எங்கயும் போவாத. என் மச்சானும் போவ மாட்டான். இங்கதான் சுத்திகினு இருப்பான். இருக்குறப்போ எறங்கி வர முடியல. இப்போ அவனுக்குப் படி எதுக்கு?"

அடுப்படியில் அவன் பெண்டாட்டி கையிலிருந்த கரண்டி விழுந்தது. "இந்த வூட்டுல இனிமே ஒரு பொழுதுகூட இருக்க மாட்டேன். நீ இருக்கறதுன்னா இரு" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். ஆடியும் புரட்டாசியும் ஐப்பசியும் சொல்லிச் சொல்லி உன்னை மாடியிலேயே வைத்திருந்தவன், ஒரு நட்சத்திரத்தில் விழுந்தான். என் மூளைக்கு நான் ஜில்லா கலெக்டராக இருக்க வேண்டியது.

மார்கழியில் எவனும் புதிதாகக் குடிவைக்க மாட்டான். தேருக்காக வண்டிகளையும் வீதிக்குள் விடவில்லை. காலியாகக் கிடந்தது சர்வேயர் வீட்டு மாடி ஒன்றுதான். நான் சந்துக்கு நடுவில் நின்று சத்தம் போட்டேன்: "சர்வேயர் சார்! இவ்ளோ நாளா யோசன குடுத்தீங்க. இப்ப வீட்டையும் குடுங்க!" தெருவே சிரித்தது. அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நான் காலண்டரைப் பார்த்து, நல்ல ராகுகாலமாகப் பார்த்து, காலிக்குடத்தை முதல் சாமானாக அவன் கையில் எடுத்துக்கொடுத்தேன். மூட்டை முடிச்சோடு அவன் பக்கத்து வீட்டுக்குப் போனான். வசந்தா கூடத்தில் உன் போட்டோவை மாட்டினாள்.

சர்வேயர் தப்பித்தார் என்று நினைக்காதே. ஆனி மாதத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"காலி பண்ணச் சொன்னா ஆடி வருதுங்கறான். நீங்க அனுபவஸ்தரு. ஒரு வழி சொல்லுங்க."

"கொஞ்சம் உள்ள தள்ளி ஒக்காந்துக்குங்க சார். அரை அடி போதும்" என்றேன்.

அன்றைக்கு சாப்பாடு எனக்கு எப்படி இறங்கியது தெரியுமா? வசந்தா மூன்று தடவை சோறு போட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. செல்போன் கடைக்காரனின் அப்பா. மூட்டு செத்துப்போன கிழவர். கீழே இருந்தவரை வாசல்வரைக்குமாவது தேய்த்துக்கொண்டு வருவார். இப்போது சர்வேயர் வீட்டு மாடியில் கிடக்கிறார். நான் போன ஒரு நாள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"கடலூர்க்காரரே! ஒருவாட்டி என்னக் கீழ கொண்டாந்து உடுப்பா. தெருவப் பாத்து மாசக்கணக்கா ஆவுது. பையன் நாளைக்கு நாளைக்குங்கறான்."

எனக்கு உடனே திட்டம் உதித்துவிட்டது. மேலே போய்க் கிழவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன். சர்வேயர் வீட்டுப் படி நல்ல அகலம், அகலமாகத்தானே இருக்கும். இறக்கிக்கொண்டுவந்து நம் கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மகன் மத்தியானம் சாப்பிட வருகிற நேரம் பார்த்துத்தான் வைத்தேன். வண்டியில் வந்தவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான்.

"நானே எறக்கி உட்டிருப்பேண்ணே…"

"நாளு சரியில்லன்னு வச்சிருந்தியா?"

அவன் தலை தொங்கிப்போனது. தெரு பார்த்தது. கிழவருக்கு அது எதுவும் தெரியாது. போகிற வருகிற ஆளையெல்லாம் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சிதம்பரம் வரும்போதெல்லாம் இதே வேலைதான். வசந்தா அவருக்கு டீ கொடுக்கிறாள். "வெயில்ல வேணாண்ணே, நெழலாப் பாத்து ஒக்கார வை" என்கிறாள். அவளும் உன்னை மாதிரியே ஆகிவிட்டாள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, இருந்தாலும் விடவில்லை. நீ எனக்கு விட்டுவிட்டுப் போனது இந்தக் கோபம் ஒன்றுதான். இதையும் இறக்கி வைத்துவிட்டால் உன்னுடையது என்று என்னிடம் என்ன இருக்கும்?

போன வாரம் மகன்காரன் ஊரில் இல்லை. கிள்ளையில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தான். அது தெரிந்துதான் மேலே போனேன். கிழவர் குளித்து, தலை சீவி, ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருந்தார். தூக்கிக்கொண்டு இறங்கினேன். தெருவில் நாலு பேர் பார்த்து, அவன் வந்ததும் சொல்வார்கள் இல்லையா மச்சான்? அதற்காகத்தான்.